எட்டாம் டிகிரி

கோடு கிளம்பிவிட்டது. திரையின் இடது ஓரத்தில் உயரத்திலிருந்து சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது, குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு படிக்கட்டில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறவளைப் போல. ஐந்தாவது டிகிரி. இனி அது ஆறுக்குப் போகும், ஏழுக்குப் போகும், எட்டில் போய் எழுந்து நிற்கும், நிற்கவேண்டும், நிற்காவிட்டால், சரி, நிற்காவிட்டாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இசக்கியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டாள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இந்த எக்ஸ்ரே அறைக்குள் வரவேண்டும், தரையோ ஐஸ். ஏசி கருவிக்காக, மனுசருக்காக இல்லை, மனுசர் விறைக்கலாம், பல்லைக் கடிக்கலாம், ஐந்து வருச ஆராய்ச்சியை மடியில் போட்டுக்கொண்டு நடுங்கலாம். வெளியே ஐப்பசி மழை பல்கலைக்கழகத்தின் தகரக் கூரைகளை எல்லாம் ஒன்று விடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, யாராவது வீட்டில் இருக்கிறீர்களா என்கிற மாதிரி. கருவியை ஓட்டுகிற பால்வண்ணம் அண்ணாச்சி காதோடு சேர்த்து மப்ளர் சுற்றிக்கொண்டு திரும்பினார். "ஏம்மா, அதையே மொறச்சுப் பாக்காதிய. நீங்க பாத்தாலும் அதே வேகம், பாக்காட்டாலும் அதே வேகம். பாசஞ்சர் வண்டி மாதிரி." சொல்லிவிட்டு அவர் செல்போனில் விட்ட இடத்திலிருந்து வைரம் வெட்டும் வீடியோவைத் தொடர்ந்தார். பாசஞ்சர் வண்டி மாதிரி. இசக்கிக்குள் உடனே ஒருத்தர் மப்ளர் சுற்றிக்கொண்டு மூக்கால் அதைத் திருப்பிச் சொன்னார், பாஷஞ்சர் வண்டி மாதிரி, அந்த 'ச' வழுக்கி 'ஷ' ஆகிற இடம் வரைக்கும் அச்சு அசலாக. அது அப்படித்தான். யார் குரலானாலும் இரண்டு வாக்கியம் காதில் விழுந்தால் போதும், உள்ளே ஆள் வந்து உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை, விடுதியில் வார்டன், சோதனைச் சாலையில் பேராசிரியர் ஞானதுரை, அவருடைய தொண்டைச் செருமல், கிளம்பாத ஸ்கூட்டரை உதைக்கிற அந்தச் செருமல் கூட. இன்றைக்கு அத்தனை பேரும் உள்ளே கூட்டமாக நின்றார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்காமல் கோட்டைப் பார்த்தார்கள்.

விசயம் ரொம்ப எளிது, அப்பாவுக்கே ஒரு தடவையில் புரிந்துவிட்டது. அப்பா தென்காசி வழித்தடத்தில் தனியார் பேருந்து கண்டக்டர், தாமாக ஏறுகிறவர்களை விட அதிகம் பேரை ஏற்றுகிறவர். "உள்ள போ, உள்ள போ, நடுவுல அம்புட்டு எடம் கெடக்கு, வாசல்ல என்ன வேண்டுதலா, உள்ள போ ஆத்தா." கிராஃபைட் என்பது பென்சிலுக்குள் இருக்கிற கரிதான், தாள் மேல் தாளாக அடுக்கின கரி. அடுக்கு அவ்வளவு நெருக்கம், நடுவில் ஈ போகாது. அதை அமிலத்தில் போட்டு, ஐஸ் தட்டில் வைத்து, பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவவேண்டும், அவசரப்பட்டுக் கொட்டினால் சூடேறி முகத்தில் பாயும். இசக்கி முதல் முறை தூவியபோது பச்சையாய், அப்புறம் சாணி நிறமாய், அல்வா பதமாய்க் கலவை இறுகிக் கிளறியே சுற்றமாட்டேன் என்று நின்றதும், கடைசியில் பெராக்சைடு விட்டதும் பொசுக்கென்று நுரைத்துத் தங்க மஞ்சளாக மாறியதும், அந்த மஞ்சளைப் பார்த்து அவள் தனியாக நின்று கைதட்டியதும், இதெல்லாம் எதற்கு இப்போது. கோடு ஆறுக்கே இன்னும் வரவில்லை. மஞ்சள்தான் கிராஃபைட் ஆக்சைடு. தாள்களில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு அடுக்கு கொஞ்சம் விலகி நிற்கும். விலகினால் இடம். இடமிருந்தால் ஆள் ஏற்றலாம். வேறு ஒரு மூலக்கூறைத் தாளுக்கும் தாளுக்கும் நடுவில் அனுப்பி உட்கார வைத்தால் அது புதுச் சேர்மம், அவளுடைய சேர்மம், அவள் பேர் போட்ட சேர்மம். "அப்ப நான் பாக்குத வேலையத்தான் நீயும் பாக்குத. எனக்கு பேட்டா உண்டு, ஒனக்கு டாக்டர் பட்டமா?" என்று அப்பா வெற்றிலை வாயோடு சிரித்தார், மறுநாள் பேருந்தில் ஓட்டுநரிடமிருந்து பூக்காரி வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிவிட்டார், "எம் மக கரிக்குள்ள ஆளேத்துதா." ஆள் ஏறினாரா என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயை அடித்துப் பார்க்கவேண்டும். கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் துண்டைத் திணித்தால் அடுக்கு உயருமே, அதுபோல ஆள் உட்கார்ந்தால் தாள் விலகும், தாள் விலகினால் எக்ஸ்ரே குறைந்த கோணத்திலேயே திரும்பி வரும், திரையில் சிகரம் முன்னாலேயே எழும். எட்டாவது டிகிரியில் சிகரம் எழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். எட்டைத் தாண்டி ஆளரவம் இல்லாமல் போய்ப் பதினொன்றரையில் எழுந்தால் உள்ளே யாரும் இல்லை, வெறும் கிராஃபைட் ஆக்சைடு, முதல் வருசம் கைதட்டிய அந்த மஞ்சள், அவ்வளவுதான். மூன்று வருசத்துக்கு முன்பு எட்டில் எழுந்தது. அதை வைத்து இரண்டு கட்டுரை வந்துவிட்டது. அதை வைத்து ஞானதுரை சாருக்கு ஒரு திட்டம் கிடைத்தது. அதை வைத்து ஹாஜிரா என்று ஒரு பிள்ளை மேலப்பாளையத்திலிருந்து வந்து போன ஆடியில் சேர்ந்திருக்கிறாள், இசக்கியின் சேர்மத்தை எடுத்து அதற்குமேல் தன் வீட்டைக் கட்ட. அந்த எட்டு உண்மையிலேயே எட்டா என்பதுதான் இப்போது திரையில் ஈரப் பாவாடையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறு. ஏற்ற வேண்டிய ஆள் பியூட்டைல் அமீன், பாட்டில் மூடியைத் தளர்த்தினாலே கருவாட்டுக் கடை. அது விரலில் ஒட்டினால் சோப்பும் எலுமிச்சையும் தோற்றுப் போகும், விடுதிச் சாப்பாட்டு மேசையில் இசக்கி உட்கார்ந்தால் அந்த வரிசை காலியாகும், "ஏளா, உவரியிலருந்து நேரா வாரியா?" என்று கேட்டுக்கொண்டே மூக்கைப் பிடித்தபடி பிள்ளைகள் தட்டைத் தூக்கிப் போவார்கள், அவளும் விடாமல் மீன்காரி குரலில் "சாளை, அயலை, நெத்திலீ" என்று கூவிக்கொண்டே பின்னால் போவாள். எவ்வளவு சிரிப்பு. அந்த நாற்றம் எப்போது போனது? இப்படித்தான் போன வாரம் முழுக்க மூளை முட்டி முட்டி நின்றது, நாற்றம் எப்போது போனது, நாற்றம் எப்போது போனது, தறியில் நூல் சிக்கின மாதிரி அந்த இடத்திலேயே. கழுவியபோது போனது. கிராஃபைட் ஆக்சைடைச் செய்து முடித்ததும் நீர்த்த அமிலத்தில் மூன்று தடவை கழுவவேண்டும், அது சரி, மாங்கனீசு போகவேண்டும், உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் ஞானதுரை சாருடைய சோதனைச் சாலையில் எது செய்தாலும் கடைசியில் மூன்று தடவை அமிலக் கழுவல் உண்டு. அவருக்கு அவர் வழிகாட்டி சொன்னது, அந்த வழிகாட்டிக்கு எவரோ சொன்னது. கோயிலில் தீபாராதனை முடிந்து திருநீறு வாங்காமல் வருவதுண்டா, அப்படி. செருமல், உதை, செருமல், வண்டி கிளம்புகிறது: "இப்ப பாரும்மா, நம்ம லேப்ல ஒரு சுத்தம் உண்டு. வெளிய ஒட்டிக்கிட்டு நிக்கவன் எல்லாம் போவணும். உள்ள இருக்கவன் மட்டும் இருக்கணும். அமிலத்துல மூணு அலசு." அவளும் அலசினாள். அமீனை ஏற்றிவிட்டு, ஒருநாள் முழுக்கக் கலக்கிவிட்டு, வடிகட்டி, அமிலத்தில் மூன்று அலசு. முதல் அலசில் கருவாடு பாதியாகக் குறைந்தது, இரண்டாவதில் லேசாக, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. சார் புட்டியை மூக்குக்குக் கீழே கொண்டுபோய் நீளமாக இழுத்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "நாத்தம் போயிட்டு பாத்தியா? சுத்தம்னா இது சுத்தம்." நாத்தம் போயிட்டு பாத்தியா. இரண்டு பேரும் பார்த்தார்கள். அமிலம் அமீனைக் கண்டால் விடுமா, கையைப் பிடித்து உப்பாக்கி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பிளஸ் டூ பிள்ளைக்குத் தெரியும். வேதியியலில் முதுகலை தங்கப் பதக்கம் வாங்கியவளுக்குத் தெரியவில்லை, முப்பது வருசப் பேராசிரியருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதல்ல, கழுவுகிற நேரத்தில் அது தெரியவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, கை பாட்டுக்குக் கழுவியது. ஏற்றிவிட்டவளே கழுத்தைப் பிடித்து இறக்கியும் விட்டாள், இறங்கிப் போகிறவனின் வாடை குறையக் குறைய ஆகா சுத்தம் என்று கைகூப்பினாள்.

அப்படியானால் எட்டில் எழுந்தது யார்? இசக்கி வாய்விட்டே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது, அண்ணாச்சி "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி." "டீ சொல்லட்டா?" "வேண்டாம் அண்ணாச்சி." "மழைக்கு டீ வேண்டாங்கிய பொண்ண இப்பத்தான் பாக்கேன்." கோடு ஆறரையைத் தாண்டித் தட்டையாக ஊர்ந்தது. எட்டில் எழுந்தது யார் என்று அவளுக்குத் தெரிந்தது போன மாதம், ஆய்வேட்டுக்காகப் பழைய வரைபடங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டியபோது. முதல் சிகரம் ஐப்பசியில் எடுத்தது, எட்டு. அன்றைக்குப் பொடியை உலர்த்துகிற வெற்றிட பம்பு படுத்துவிட்டது, மறுநாள் சாருக்குக் கோயம்புத்தூரில் கருத்தரங்கு, "விசிறிக்கு அடியில வச்சு எடுத்துட்டு ஓடு, காஞ்சதுதான், காஞ்சதுதான்" என்று விரட்டினார், ஓடினாள், எட்டில் எழுந்து நின்றது ஊசி மாதிரி, சாயங்காலம் சார் சோதனைச் சாலை முழுவதற்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், சால்னா ஒழுகின விரலோடு எல்லாரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள். தை மாதம் எடுத்தது ஒன்பது. உள்ளே ஏறினது குறைவு என்று எழுதினார்கள். சித்திரையில் எடுத்தது பத்தரை. பகுதி ஏற்றம் என்று எழுதினார்கள், அதற்கு ஒரு கொள்கையே எழுதினார்கள். மறுபடி ஐப்பசி, மறுபடி எட்டு, ஆகா கைப்பழக்கம் கூடிவிட்டது என்று எழுதினார்கள். ஒரே பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் சிகரங்கள் மழைக்கு இடப்பக்கமும் வெயிலுக்கு வலப்பக்கமும் நடந்துகொண்டிருந்தன. கடலில் பணிபுரியும் மீனவர்களுக்கு, என்று அவளுக்குள் வானொலிக்காரர் எழுந்து நின்று தொண்டையை மெருகேற்றினார், கடலோர மாவட்டங்களில் இன்றும் நாளையும் பரவலாக மழைக்கு வாய்ப்பு உண்டு, அடுக்குகளுக்கு இடையே காற்றின் ஈரப்பதம் புகக்கூடும், எட்டாவது டிகிரியில் பலத்த சிகரம் எழக்கூடும், ஆய்வு மாணவிகள் ஏமாற வேண்டாம் என்று எச்சரிக்கப்படுகிறார்கள். தண்ணீர். வெறும் காற்றுத் தண்ணீர். அமீன் இறங்கின சூட்டோடு அதன் இருக்கையில் உட்கார்ந்து, அமீனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அமீனின் குரலில், நான்தான் அம்மா, நீ ஏத்திவிட்ட ஆளு நான்தான், என்று மூன்று வருசமாகப் பேசியிருக்கிறது. ஊரில் எல்லாரையும் செய்து காட்டி ஏமாற்றினவளைத் தண்ணீர் செய்து காட்டி ஏமாற்றிவிட்டது. நல்ல செய்கைதான். அவளே செய்திருந்தால் விடுதி இரண்டு வாரம் சிரித்திருக்கும்.

அதுவும் ஊகம்தான், ஊகம்தான், இன்றைக்கும் எட்டில் எழுந்தால் எல்லாம் வெறும் ஊகம். அச்சுக்கு அனுப்பியிருந்த மூன்றாவது கட்டுரையைப் படித்த யாரோ ஒருவர், பேர் ஊர் தெரியாத மதிப்பீட்டாளர், சட்டைக் கை கசங்காதவர் போல ஒரு குரல், மாதிரியை ஈரம் அறவே நீக்கியபின் மீண்டும் அளந்து காட்டுமாறு ஆசிரியர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். சார் சிரித்தார். "பொழுது போவாதவன். அதே பீக்குதான், அதே எட்டுதான் வரப்போவுது. போட்டு அனுப்பு." இசக்கி அப்போது கேட்டாள், முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, "சார், கடைசி அமில அலசல் இல்லாம ஒரு தடவ செஞ்சு பாக்கட்டுமா?" செருமல் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது, அந்த ஸ்கூட்டர் முதல் முறையாக உதைக்காமல் நின்றது. "எதுக்கு?" "சும்மா சார். ஒப்பிட்டுப் பாக்க." "அச்சுல வந்த முறைய நீ மாத்துனா, முன்ன வந்தது தப்புன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. ஒனக்கு உதவித்தொகை முடிஞ்சு எத்தன மாசம் ஆவுது? நான் அடுத்த ஆனியில ஓய்வு. வேற எவன் ஒன்ன எடுப்பான்?" சொல்லிவிட்டு ரொம்ப அன்பாகத் தோளைத் தொட்டார். அந்த அன்பு பொய்யில்லை. அவள் அம்மைக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்றபோது மருத்துவமனை வாசலில் நின்றவர். அவரைப் பொல்லாதவராக்கி மனசுக்குள் ஒரு தடவை திட்டிவிட முடிந்தால் எவ்வளவு நிம்மதி, முடியவில்லை, திட்டத் தொடங்கினால் அவர் குரலே வருகிறது, அவரே அவரைத் திட்டுகிற மாதிரி. ஆகவே உலர்த்தினாள். பாஸ்பரஸ் பெண்டாக்சைடு நிரப்பிய உலர்கலனில், பம்பைப் பழுது பார்த்து, நாலு நாள், ஒரு துளி ஈரம் விடாமல். தண்ணீர் தூக்கி எறியப்பட்டு வெறும் நாற்காலிகள் மிஞ்சும். அதில் அமீன் இருந்தால் இருக்கும். காலையில் கலனைத் திறக்காமல் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து, ஹாஜிரா குடை பிடிக்க, மழைக்குள் ஓடி வந்தார்கள். "அக்கா, இது மட்டும் வந்துட்டா எனக்கு ரெண்டாம் அத்தியாயம் ரெடி," என்றாள் ஹாஜிரா, ஒரு தோள் முழுக்க நனைந்து. "அல்லாட்ட கேட்டுருக்கேன், ஒங்களுக்கும் சேத்து." கடவுளிடம் போய் டிகிரிக்கணக்கா கேட்பார்கள். கேட்டிருப்பாள். எட்டு என்று சொல்லியே கேட்டிருப்பாள்.

ஏழு தாண்டிவிட்டது. இசக்கி மூச்சை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். திரையைப் பார்க்காமல் கருவியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மெல்லத் திரும்புகிற கையைப் பார்த்தாள், கடிகாரத்தின் பெரிய முள்ளைப் போல அதுவும் திரும்புவது தெரியாமல் திரும்பியிருந்தது. குளிர்விப்பானின் ம்ம்ம் என்கிற முனகல். அதையும் உள்ளே ஒருத்தர் செய்து பார்த்தார், ம்ம்ம், சுருதி சேர்ந்தது. அம்மை நினைவுக்கு வந்தாள், பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "ஏளா, முடிஞ்சுட்டா?" என்று ஒவ்வொரு ஞாயிறும். என்ன முடிந்துவிட்டது என்று அம்மைக்குத் தெரியாது, முடிந்துவிட்டதா என்று மட்டும் தெரியவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு அப்பா சொன்னாராம், எம் மக டாக்டர், ஊசி போடுத டாக்டர் இல்ல, அதுக்கும் மேல. மாப்பிள்ளை வீட்டார் அதற்கும் மேலே என்ன இருக்கிறது என்று கூரையைப் பார்த்தார்களாம். சிரிப்பு வந்தது, சிரித்தால் பல் கிட்டித்தது. ஏழரை. எழுவதற்கு முன்னால் கோடு கொஞ்சம் முதுகை வளைக்கும், பூனை தாவுவதற்கு முன் பதுங்குகிற மாதிரி, முன்பு எல்லாம் இந்த ஏழரைக்குப் பக்கத்திலேயே வளைந்துவிடும். வளையவில்லை. சத்தம் மட்டும், புழு நெளிகிற மாதிரிச் சின்னச் சின்ன நடுக்கம். கருவி மக்கர் செய்யலாம். கண்ணாடித் தட்டில் பொடியைச் சரியாக அமுக்காமல் இருந்திருக்கலாம். பொடி சறுக்கி விழுந்திருக்கலாம், ஆமாம், விழுந்திருக்கும், தட்டு காலியாக இருக்கும், காலித் தட்டில் எதுதான் எழும். ஏழே முக்கால். அந்த இடத்தில் அவள் தன்னை அறியாமல் அப்பாவின் குரலில், உதடு அசையாமல், உள்ள போ, உள்ள போ, அம்புட்டு எடம் கெடக்கு, உள்ள போ ஆத்தா, என்று கெஞ்சினாள். அப்பா ஒருபோதும் கெஞ்சுகிறவர் இல்லை. இந்தக் குரல் அவரிடமிருந்து வந்ததும் இல்லை. எட்டு. எட்டு எப்படி இருக்கும் என்று மூன்று வருசமாக அவளுக்குத் தெரியும், கண்ணை மூடினால் தெரியும், சோதனைச் சாலையில் அதை ஒரு கோபுரம் போலச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இந்த எட்டு ஒரு வயல். அறுத்த வயல். கோடு அதன்மேல் எதுவும் நடக்காததுபோல, நடக்க எதுவும் இருந்ததே இல்லாததுபோலப் போய்க்கொண்டிருந்தது. எட்டே கால். எட்டரை. அவள் உள்ளுக்குள் நின்ற கூட்டத்தில் யாரோ மெல்ல வெளியே போனார்கள், செருப்பு மாட்டுகிற சத்தம்.

அதன்பின் நேரம் இருந்தது, ரொம்ப நேரம், பத்து வரை வெறும் சமவெளி. பயம் போய்விட்டிருந்தது, அதுதான் ஆச்சரியம், பயத்துக்கு இனி இங்கே வேலையில்லை, அது எழுந்து போன இடத்தில் ஒரு விதமான துல்லியம் வந்து உட்கார்ந்தது. இருபத்தேழு வயதில் வந்தவள், முப்பத்திரண்டு. இரண்டு கட்டுரை. அவற்றை மேற்கோள் காட்டி எங்கோ கொரியாவில் எவரோ எழுதிய ஒன்று, பாவம், அவரும் மழைக்காலத்தில்தான் செய்திருப்பார். பதினொன்றை நெருங்கும்போது கோடு முதுகை வளைத்தது. பதுங்கியது. எழுந்தது, எழுந்துகொண்டே போனது, திரையின் அளவு போதாமல் கட்டங்கள் தாமாகவே சுருங்கி வழிவிட, மூன்று வருசத்தில் அவள் பார்த்த எதையும் விட உயரமாக, ஒல்லியாக, ஒரு பக்கமும் சாயாமல், பதினொன்றரையில். அழகு. உலகத்தில் யாரும் இவ்வளவு சுத்தமான கிராஃபைட் ஆக்சைடைச் செய்திருக்கமாட்டார்கள். பால்வண்ணம் அண்ணாச்சி வைரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "எம்மா! என்னம்மா இது! ஊசி மாதிரில்லா நிக்கி!" குனிந்து பார்த்துப் பூரித்துப் போனார். "நேத்து ஒருத்தன் வந்தாம்மா, அவன் பீக்கு பன்றிக் குட்டி மாதிரி உருண்டு கெடக்கு. இது பாருங்க. நல்லா வந்துருக்கு. சாரு சந்தோசப்படுவாவ. அன்னைக்கு மாதிரி பரோட்டா உண்டுல்லா?" "உண்டு அண்ணாச்சி," என்றாள் இசக்கி. அவருக்கு எங்கே எழுந்தது என்பது அக்கறையில்லை, எப்படி எழுந்தது என்பதுதான். அவருக்கு அவருடைய சந்தோசம். அதில் கையை விட்டுக் கலக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வராந்தாவில் நின்று சாரைக் கூப்பிட்டாள். தூறல் கைப்பிடிச் சுவர் தாண்டிக் காலில் தெறித்தது, ஐஸ் தரைக்கு அது வெந்நீர் மாதிரி இதமாக இருந்தது. "சொல்லும்மா." "சார், எட்டுல இல்ல. பதினொண்ணரையில இருக்கு." மழைச்சத்தம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவர் வீட்டு முற்றத்திலும் பெய்துகொண்டிருந்தது. "ஒண்ணுமே இல்லியா?" "ஒண்ணுமே இல்ல சார். வெறும் ஆக்சைடு." இப்போது அவர் அதிர்வார், நம்பமாட்டார், கருவியைக் குறை சொல்வார், கத்துவார், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். அவர் அதிரவில்லை. செருமினார், ஒரே உதையில் வண்டி கிளம்பியது, குரல் மழைக்கு ஏற்றபடி தணிந்து, வேலைக்காரரிடம் வாளியை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்கிறவரின் அலுப்போடு: "சரி. தட்ட மூடாம ராத்திரி சன்னல் பக்கம் வச்சுரு. நாளைக்குக் காலையில போடு. எட்டுக்கு வந்துரும்." இசக்கி கேட்டுக்கொண்டு நின்றாள். எட்டுக்கு வந்துரும். எட்டுக்கு வந்துவிடும் என்று சொல்கிறவருக்கு எது எட்டுக்குக் கொண்டுவரும் என்று தெரியும். எப்போதிலிருந்து? நாத்தம் போயிட்டு பாத்தியா என்றபோதா, அப்போது இல்லை, அந்த முகம் அப்போது பொய் சொல்லவில்லை. தையிலா, சித்திரையிலா, பத்தரைக்குக் கொள்கை எழுதினோமே அந்த ராத்திரியா, எந்தப் பக்கத்தில், எந்த வரியில் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்து, இவளுக்குத் தெரியவேண்டாம் என்று மறுபடி குனிந்தார்? "கேக்குதா?" "கேக்குது சார்." "மனசப் போட்டு ஒழப்பாத. எல்லாரும் பண்ணுததுதான்." போன் அணைந்தது.

படி ஏறி ஹாஜிரா வந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் செருப்பு, முக்காடு நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கடைசிப் படியிலிருந்தே, மூச்சு வாங்கிக்கொண்டே, "வந்துச்சா அக்கா? எட்டா?" இசக்கிக்குச் சொல்லவேண்டியது தெரிந்திருந்தது. ஓடிப் போயிரு பிள்ளே, இன்னும் ஆறு மாசம்கூட ஆகல, வேற வழிகாட்டியப் பாரு, இங்க உள்ள யாரும் இல்ல, எப்பவும் இருந்ததில்ல. அவ்வளவுதான், இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பிள்ளை கேட்கும், அப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க அக்கா. அதற்கு என்ன சொல்வது. அம்மைக்கு என்ன சொல்வது, பேருந்து முழுக்க ஏறி இறங்குகிறவர்களுக்கு என்ன சொல்வது. செருமினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. "இப்ப பாரும்மா," என்றாள், "மாதிரி கொஞ்சம் அதிகமா காஞ்சு போச்சு. அடுக்கு இறுகிட்டு. நாளைக்குக் காலையில இன்னொரு தடவ போடுவோம். எட்டுக்கு வந்துரும்." ஹாஜிரா ஒரு நொடி விழித்தாள். பிறகு குடையையும் செருப்பையும் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். "அல்லா! அக்கா! அப்படியே சாரு! அந்தச் செருமல்! எப்படிக்கா! ஒரு நிமிசம் சாரு பின்னால நிக்காருன்னே நெனச்சுட்டேன்." உள்ளேயிருந்து பால்வண்ணம் அண்ணாச்சியும் எட்டிப் பார்த்துச் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே. ஹாஜிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. ப்ளீஸ்."

இசக்கி இன்னொரு தடவை சொன்னாள்.